முரல் முள்ளும் மூன்று படங்களும்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது, தொண்டையில் சிக்கிய மீன் முள்ளுக்காக நான் போன ஸ்கேன் மையத்தைப் பற்றிய விமர்சனம். ஆனால் இதில் எந்த மருத்துவமனையின் பெயரும், எந்த ஸ்கேன் மையத்தின் பெயரும் வராது. திட்டப்போகும் இடத்தின் பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். பாராட்டப்போகும் இடத்தின் பெயரை எழுதினால், எவ்வளவு வாங்கினீர் என்று நீங்களே கேட்பீர்கள். தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் 31 ஆண்டு கணக்குப்பிள்ளையாக இருந்தவன் நான். ரசீது இல்லாத வம்பு எனக்கு வேண்டாம்.

ஸ்கேன் மையத்துக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அதற்கு முன் எக்ஸ்ரே எடுத்த இடத்துக்கு ஒன்றரை. அந்த அரை, அங்கே ஓடிய மின்விசிறிக்கு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் திரேஸ்புரம் கடற்கரையில் முரல் மீன் நன்றாக வந்திருந்தது. ஊசி மாதிரி நீண்ட மூக்கு, வெள்ளி உடம்பு. கூறு கட்டிக் கொடுக்கும்போதே மீன்காரம்மா, "முள்ளைப் பார்த்துச் சாப்பிடுங்கள் அண்ணாச்சி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. 57 வயது வரை இந்தக் கடற்கரையிலேயே மீன் தின்று வளர்ந்தவனுக்கு முள் பாடமா? ஆனால் கணக்கில் ஒரு வரவை நான் எழுதாமல் விட்டிருந்தேன். தை மாதம்தான் மேல்வரிசைக்குப் பல்செட் போட்டிருந்தேன். அது அண்ணம் முழுவதையும் தட்டு போல மூடிக்கொள்ளும். வாய்க்குள் முள் இருப்பதை நாக்கு எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று நினைக்கிறீர்கள்? அண்ணத்தில் வைத்து அழுத்தித்தான். அந்த அண்ணத்துக்கு உணர்ச்சி போய்விட்டால், நாக்கு மட்டும் என்ன செய்யும்? பல்செட் போட்டவர்கள் முள்ளை விழுங்குவது அதிகம் என்று பிறகு மருத்துவர் சொன்னார். பல்செட் செய்து கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மதியம் ஒன்றரை மணிக்கு மூன்றாம் கவளத்தில் சுருக்கென்றது. இருமினேன், காறினேன், கண்ணில் நீர் வந்தது, முள் வரவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். வெறும் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கச் சொன்னாள் என் மனைவி. நான்கு உருண்டை உள்ளே போயிற்று. பக்கத்து வீட்டு அக்கா வந்து என் கழுத்துக்கு நேரே சிலுவை போட்டார். தொண்டையில் முள் சிக்கிய சிறுவனைப் புனித பிளேஸ் காப்பாற்றினார் என்பது அவர்கள் நம்பிக்கை. பிப்ரவரி 3 அன்று கோவிலில் இரண்டு மெழுகுவர்த்தியைக் குறுக்காகக் கழுத்தில் வைத்து மந்திரிப்பார்களாம். நான் அந்தத் தேதியில் போயிருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டார். நான்கு மணிக்கு வாழைப்பழம் வந்தது, இரண்டு. இந்த வாழைப்பழத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் மறுபடியும் வரும்.

பழம் இறங்கியதும் வலி இடம் மாறியது. முன்பு தொண்டையின் மேற்பகுதியில் குத்தியது, இப்போது குரல்வளை மேட்டுக்குக் கீழே, நடுவில் குத்தியது. எச்சிலை விழுங்கும்போதெல்லாம் ஊசி. மனைவியின் தம்பி பைக்கை எடுத்தான்.

முதலில் போனது வீட்டுக்கு அருகில் உள்ள சிறிய மருத்துவமனை. பணியில் இருந்த இளைஞர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார், நாக்கை ஒரு தகட்டால் அழுத்தினார், ஒன்றும் இல்லை என்றார், எக்ஸ்ரே எழுதினார். உள்ளே நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்கவைத்து நேராக ஒரு படம். படத்தைப் பார்த்தால் கழுத்தெலும்பு மட்டும் அடுக்கி வைத்த தீப்பெட்டிகள் மாதிரித் தெரிகிறது. அந்த எலும்புக்கு முன்னால்தான் உணவுக்குழாய் இருக்கிறது. நேராக எடுத்தால் முள்ளின் நிழல் எலும்பின் நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும். இது எனக்கே தோன்றியது. "பக்கவாட்டில் எடுக்க மாட்டீர்களா?" என்று மைத்துனன் கேட்ட பிறகுதான் பக்கவாட்டுப் படம் எடுத்தார்கள். அதற்குத் தனியாகப் பில்.

பக்கவாட்டுப் படத்தில் தாடைக்குக் கீழே, குரல்வளைக்குப் பின்புறம், ஒரு வெள்ளைக் கீற்று. இளைஞர் மகிழ்ந்துவிட்டார். சிவப்புப் பேனாவை எடுத்து ஃபிலிமிலேயே வட்டம் போட்டார். "இதோ உங்கள் முள்." ஊசி ஒன்று, மாத்திரை மூன்று வகை, பெரிய டாக்டர் திங்கட்கிழமை வருவார், அதுவரை நிறையத் தண்ணீர் குடியுங்கள். 900 ரூபாய்.

ஞாயிறு மாலையில் காது மூக்கு தொண்டை மருத்துவர் கிடைப்பது ஆடி மாதத்தில் மழை கிடைப்பது போல. ஆனாலும் மைத்துனன் நான்கு பேருக்குப் போன் போட்டு ஒருவரைப் பிடித்தான். அவர் ஃபிலிமைக் கையில் வாங்கவே இல்லை, மேசையில் வைக்கச் சொன்னார். முதலில் கேள்விகள். எங்கே குத்துகிறது, ஒரே விரலால் காட்டுங்கள். எத்தனை மணிக்கு. எச்சில் இறங்குகிறதா. காய்ச்சல் உண்டா, நெஞ்சு வலிக்கிறதா. கடைசியாக, என்ன மீன்?

முரல் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். மீனைப் பொறுத்து எக்ஸ்ரேயில் முள்ளின் தோற்றம் மாறுமாம். சில மீன்களின் முள்ளில் சுண்ணாம்பு அதிகம், பளிச்சென்று தெரியும். சிலவற்றின் முள், சதைக்கு நடுவே இருந்தால் நிழல்கூடக் காட்டாது.

அப்புறம் மரத்துப்போகும் மருந்தைத் தொண்டையில் பீய்ச்சினார். வேப்பங்காய்க் கசப்பு. நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, நுனியில் விளக்கு வைத்த கம்பி மாதிரி ஒரு கருவியை உள்ளே விட்டார். எதிரே டிவியில் என் தொண்டை. இந்த வயதில் அதைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. ஈரமான சிவப்புக் குகை, நடுவில் இரண்டு வெள்ளைத் திரைகள் திறந்து மூடுகின்றன. முள் பெரும்பாலும் மாட்டும் இடங்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்: டான்சில் சதை, நாக்கின் அடிவாரம், அதற்குப் பின்னால் உள்ள பள்ளம், குரல்வளைக்கு இருபுறமும் உள்ள குழிகள். எங்கும் முள் இல்லை. ஆனால் இடது குழியில் எச்சில் குளம் கட்டியிருந்தது. மருத்துவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே வழி சரியில்லை என்றால்தான் மேலே தண்ணீர் தேங்கும். உப்பளத்தில் வேலை பார்த்தவனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அதன் பிறகுதான் ஃபிலிமை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இது மீனுடையது இல்லை, உங்களுடையது" என்றார். குரல்வளையைச் சுற்றியிருக்கும் குருத்தெலும்பு, இளவயது கடந்தால் அங்கங்கே சுண்ணாம்பு ஏறி எலும்பாகத் தொடங்குமாம். படத்தில் அது முள்ளைப் போலவே கீற்றாக விழும். ஆக, 900 ரூபாய்ப் படம் இல்லாத முள்ளைக் காட்டியது, இருந்த முள்ளைக் காட்டவில்லை. ஒரே கணக்கில் இரண்டு பிழை. இரண்டும் ஒன்றையொன்று நேர் செய்யாத பிழை.

ஆனால் படத்தைக் குப்பை என்று அவர் சொல்லவில்லை. முள் தெரிகிறதா என்று மட்டும் தேடக்கூடாதாம். காற்றுக்குழாய்க்கும் கழுத்தெலும்புக்கும் நடுவே உள்ள சதை தடித்திருக்கிறதா, அந்தச் சதைக்குள் காற்று புகுந்திருக்கிறதா, கழுத்தெலும்பின் இயல்பான வளைவு விறைத்து நிமிர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம். என் படத்தில் அந்தச் சதை லேசாகத் தடித்திருந்தது, சிவப்பு வட்டத்துக்கு நான்கு விரற்கடை கீழே. வட்டம் போட்டவர் அங்கே பார்க்கவே இல்லை.

"பேரியம் மருந்தைக் குடித்து எக்ஸ்ரே எடுத்தால் தெரியுமே டாக்டர்" என்றான் மைத்துனன். அவன் மாமனாருக்கு முன்பு எடுத்திருந்தார்கள். அதெல்லாம் வேண்டாம் என்று மருத்துவர் மறுத்துவிட்டார். வெள்ளை மாவு மாதிரி உள்ளே பூசிக்கொள்ளும், பிறகு கருவி விட்டு முள்ளைத் தேடும்போது எல்லாமே வெள்ளையாக இருக்கும். குழாயில் துளை விழுந்திருந்தால் அந்த மாவு நெஞ்சுக்குள் கசியும். கழுத்துக்கு சாதா சி.டி. ஸ்கேன் போதும், நரம்பில் ஊசி மருந்துகூட வேண்டாம் என்று சீட்டு எழுதினார். சீட்டில் இரண்டு விஷயம் அடிக்கோடிட்டிருந்தது: மெல்லிய வெட்டு, முரல் முள்.

இனி விமர்சனம்.

ஸ்கேன் மையம் முதல் மாடியில். கீழே பைக் நிறுத்த இடமில்லை, பக்கத்து இரும்புக்கடை வாசலில் நிறுத்தினால் காவலாளி கத்துகிறார். மின்தூக்கி இருக்கிறது, ஆனால் அதில் 'நோயாளிகளுக்கு மட்டும்' என்று எழுதிவிட்டு ஊழியர்கள் தேநீர் கொண்டுபோகிறார்கள். வரவேற்பில் இருந்த பெண் முகம் சுளிக்காமல் பேசினார். சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது என்ற பலகை. எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. தண்ணீர்க் குவளை காலியாக இருந்தது. நான் குடிக்கக்கூடாதவன், ஆனாலும் கவனித்தேன். குளிர்சாதனம் மட்டும் தாராளம். மார்கழிக் காலையில் உப்பளத்து வரப்பில் நின்ற நினைவு வந்தது.

3,800 ரூபாய். முன்பணம் முழுவதும். ரசீது உடனே கொடுத்தார்கள், எண்ணும் எழுத்தும் பொருந்தின.

உள்ளே இருந்த தொழில்நுட்பர், 25 வயதுப் பையன்தான். வெள்ளிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னான், கண்ணாடியை வாங்கிக்கொண்டான். பிறகு, "பல்செட் இருக்கிறதா அண்ணாச்சி?" என்று கேட்டான். இதை முதல் இடத்தில் யாருமே கேட்கவில்லை. கம்பி உள்ள பல்செட் என்றால் படத்தில் நட்சத்திரம் மாதிரிக் கீறல் விழுமாம். கழற்றி ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைத்தான். மேசையில் படுக்கவைத்துத் தோள்களைக் கீழே இறக்கச் சொன்னான். தோள் மேலே இருந்தால் கழுத்தின் அடிப்பகுதி மங்கும் என்றான். "பத்து எண்ணுகிற நேரம்தான். எச்சில் விழுங்கக்கூடாது, அசையக்கூடாது." எச்சில் விழுங்காதே என்று சொன்னால்தான் வாயில் ஊறும். ஊறியது. வளையம் சுழன்றது, மேசை ஒருமுறை நழுவிப் போயிற்று, முடிந்தது. இதற்காகவா நாலாயிரத்துக்கு இருநூறு குறைவாகக் கொடுத்தோம் என்று தோன்றிய அளவுக்குச் சீக்கிரம்.

நான்கு நட்சத்திரமும் இதற்குப் பிறகு நடந்ததற்காக. வழக்கமாக ஃபிலிமை உறையில் போட்டு, அறிக்கை நாளைக்கு என்பார்கள். இங்கே கதிரியக்க மருத்துவர் தானே வெளியே வந்து, முரல் சாப்பிட்டவர் யார் என்று கேட்டார். காத்திருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் திரையில் காட்டினார்.

கறுப்பு காற்று, சாம்பல் சதை, வெள்ளை எலும்பு. கணினி மவுஸின் சக்கரத்தை உருட்ட உருட்ட என் கழுத்து மேலிருந்து கீழே வட்ட வட்டமாக நறுக்கி விழுந்தது, வாழைத்தண்டை அரிந்தது போல. சிவப்பு வட்டம் போட்ட இடம் வந்தது. அங்கே இருந்த வெள்ளை, குருத்தெலும்போடு ஒட்டி வளைந்து போயிற்று, சந்தேகமே இல்லை, என்னுடையதுதான். இன்னும் உருட்டினார். ஆறாவது கழுத்தெலும்பின் மட்டத்தில், தொண்டை முடிந்து உணவுக்குழாய் தொடங்கும் அந்தக் குறுகிய வாயில், குறுக்காக ஒரு வெள்ளை மயிரிழை. ஒரு படத்தில் இருக்கிறது, அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் இல்லை. 18 மில்லிமீட்டர் என்று அளந்தார். இடதுமுனை குழாயின் சுவரில் குத்தி நிற்கிறது. வெளியே காற்றுக்குமிழி இல்லை, சீழ் இல்லை. துளைத்துக்கொண்டு போகவில்லை, இன்னும்.

அந்த 'இன்னும்' என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த இடத்தில் முள் சுவரைத் துளைத்தால் கழுத்துக்குள் சீழ் கட்டும், நெஞ்சுக்குள் இறங்கும். இன்னும் கீழே மாட்டியிருந்தால் பெரிய ரத்தக்குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. முள் குழாயை விட்டே வெளியேறி தைராய்டு சுரப்பிக்குள் போய் உட்கார்ந்ததும் உண்டாம். என் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

மெல்லிய வெட்டு என்று மருத்துவர் அடிக்கோடு போட்டது ஏன் என்று கேட்டேன். சந்தோஷமாக விளக்கினார். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் நறுக்கியதால்தான் இந்த இழை தெரிகிறது. அதே கழுத்தை ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் அடுக்கி எனக்குக் காட்டினார். இழை மங்கிச் சாம்பலோடு சாம்பலாகிவிட்டது. எனக்கு உடனே புரிந்தது. ஐந்து நாள் உற்பத்தியைக் கூட்டிச் சராசரி எழுதினால், நடுவில் ஒருநாள் மழை பெய்து கரைந்த கணக்கு தெரியவே தெரியாது. எங்கள் முதலாளிகள் அதற்காகவே சராசரி கேட்பார்கள்.

எனவே நீங்கள் போனால், ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். படங்கள் பதிந்த குறுந்தட்டு கேளுங்கள். ஃபிலிமில் அவர்கள் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும், தட்டில் எல்லாமே இருக்கும். எனக்குத் தட்டு இலவசம். சில இடங்களில் காசு கேட்கிறார்களாம்.

கதிர்வீச்சைப் பற்றி மனைவி கேட்டாள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஓராண்டில் நம் மீது தானாகப் படுவதை ஒட்டிய அளவுதான், இன்று இவருக்கு முள்தான் ஆபத்து என்றார். அறிக்கை 40 நிமிடத்தில் கைக்கு வந்தது. அதற்குள்ளாகவே தொண்டை மருத்துவருக்குப் போனில் சொல்லிவிட்டார்கள்.

அறுவை அரங்கு உள்ள வேறொரு மருத்துவமனையில் ஏழரை மணிக்குப் படுக்கை கிடைத்தது. உடனே எடுத்துவிடலாம் என்றுதான் மருத்துவர் இருந்தார். கூர்மையான பொருள் உணவுக்குழாயில் மாட்டினால் 2 மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய உள்நோக்கு மருத்துவச் சங்கம் 2016இல் விதி எழுதியிருக்கிறதாம். அப்போது மயக்க மருத்துவர் வந்து, கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மனைவி மெல்லிய குரலில், நான்கு மணிக்கு வாழைப்பழம் என்றாள். வயிற்றில் உணவோடு மயக்கம் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் ஏறும் ஆபத்து உண்டு. ஆறு மணி நேரம் கழிய வேண்டும். ஆக, முள்ளை இறக்குவதற்காகத் தின்ற பழம் முள்ளையும் அடுத்த வாசலுக்குத் தள்ளியது, எடுப்பதையும் பத்து மணி வரை தள்ளிப்போட்டது.

அந்தக் காத்திருப்பில்தான் மருத்துவர் ஒரு கதை சொன்னார். தொண்டைக் குழியில் எச்சில் தேங்கிய அடையாளத்துக்கு ஜாக்சன் அறிகுறி என்று பெயர். செவாலியே ஜாக்சன் என்ற அமெரிக்க மருத்துவர். மனிதர்கள் விழுங்கியதையும் மூச்சோடு இழுத்ததையும் வாழ்நாள் முழுவதும் வெளியே எடுத்தவர். ஊக்கு, காசு, பொத்தான், எலும்பு என்று 2,374 பொருள்கள் பிலடெல்பியாவில் முட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் யாரிடமிருந்து, எப்படி என்று குறிப்பு வைத்தாராம். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. கணக்கு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

எடுத்தது எனக்குத் தெரியாது, மயக்கத்தில் இருந்தேன். ஸ்கேனில் அளவும் மட்டமும் தெரிந்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை, நேரே போய்ப் பிடித்தேன் என்றார் மருத்துவர். மறுநாள் காலையில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தார்கள். உள்ளே முள், பச்சை நிறத்தில். வெளிறிய பச்சை, முருங்கை ஈர்க்கு மாதிரி. மைத்துனன் பதறி, "சீழ் பிடித்துவிட்டதா அத்தான்?" என்றான். இல்லை, முரலின் முள்ளே அப்படித்தான். பித்தத்தில் இருக்கும் பச்சைச் சாயம் அந்த மீனின் எலும்பில் ஊறியிருக்கும், குழம்பில் வெந்தாலும் போகாது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது தெரியும். அவன் கோவில்பட்டியில் வளர்ந்தவன்.

காசு முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் சாதா சி.டி.க்கு 500 ரூபாய்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பதற்றத்தில் எங்கள் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. 3,300 ரூபாய் அதிகம் கொடுத்தேன் என்று என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

முள் போன பிறகும் மூன்று நாள் குத்துவது போலவே இருந்தது. கீறல் ஆறும் வரை அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. இதையே நினைத்து, முள் இல்லாமலேயே முள் இருப்பதாக வருகிறவர்களும் நிறையப் பேராம். அதனால் எல்லோருக்கும் ஸ்கேன் எழுதுவதில்லை, முதலில் கண்ணால் பார்ப்போம் என்றார் மருத்துவர். அதுவும் சரிதான். நாக்கின் அடியில் தெரிகிற முள்ளை ஐந்து நிமிடத்தில் இடுக்கியால் எடுத்துவிடுவாராம், எனக்குப் போல 3,800 ஆகாது.

ஐந்தாவது நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம் வண்டி நிறுத்துமிடம் இல்லை, காலிக் குவளையும் இல்லை. அறிக்கையில் என் வயது 75 என்று அச்சாகியிருக்கிறது. 57ஐத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். குருத்தெலும்பில் சுண்ணாம்பு ஏறுவதை வயதை வைத்துத்தான் எடைபோடுவார்கள் என்று அவர்களே எனக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு, இந்தப் பிழையை நான் சும்மா விட முடியுமா? திருத்திய அறிக்கை கேட்டு இரண்டு முறை மாடி ஏறினேன். மின்தூக்கியில் தேநீர் போய்க்கொண்டிருந்ததால் படியேறித்தான் போனேன். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.